சிகரெட்டை விட்ட முதல் வாரம்: வாசகர் கேள்விகள்

கே: ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து சிகரெட்டை விட்டோம். இரண்டாம் நாள் மாலை டீக்கடையில் ஒருவர் பற்றவைத்தார். அன்றே நால்வரும் பழையபடி ஆகிவிட்டோம். வரும் திங்கட்கிழமை மறுபடி தொடங்குகிறோம். இந்த முறை கவிழாமல் இருக்க வழி உண்டா? (வாசகர், சிறுசேரி)

சேர்ந்து விடுவது நல்லதுதான். சிக்கல் என்னவென்றால், நால்வருக்கும் ஏக்கம் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வருகிறது. கடைசி சிகரெட்டிலிருந்து இரண்டாவது, மூன்றாவது நாள்தான் மோசம். அப்போது ஒருவரை ஒருவர் தாங்க யாரிடமும் தெம்பு இருக்காது. அதனால் ஐந்தாவதாக ஓர் ஆளைச் சேருங்கள். சிகரெட்டை விட்டு ஒரு வருடமாவது ஆனவராக இருக்கட்டும். வாழ்நாளில் தொடாதவர் வேண்டாம். அவர் மன உறுதியைப் பற்றிப் பிரசங்கம் செய்யத் தொடங்கிவிடுவார்.

விதி ஒன்றே ஒன்று: பற்றவைக்கும் முன் போன். பற்றவைத்த பிறகு வருத்தம் தெரிவிக்கும் போன் எதற்கும் உதவாது. ஓர் ஏக்கம் பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் தணியும், மிஞ்சினால் பத்து. எடுப்பவர் அறிவுரை சொல்ல வேண்டியதில்லை. “எங்கே நிற்கிறாய்? அங்கிருந்து நட, பேசிக்கொண்டே நட” என்றால் போதும். வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். வேறு யாராவது பதில் போடுவார்கள் என்று எல்லோருமே இருந்துவிடுவார்கள். காலையும் இரவும் கணக்குச் சொல்லக் குழு இருக்கட்டும். அவசரத்துக்கு இன்னாருக்கு இன்னார் என்று முன்கூட்டியே பெயர் குறித்து வையுங்கள்.

ஒருவர் பற்றவைத்துவிட்டால் குழுவிலிருந்து நீக்காதீர்கள். மிச்ச சிகரெட்டை அங்கேயே நசுக்கிப் போடச் சொல்லுங்கள். “காசு கொடுத்து வாங்கியது” என்று பைக்குள் போனால், மறுநாள் அது நால்வருக்கும் பொதுச்சொத்து. முதல் வாரம் அந்த டீக்கடையே வேண்டாம். பிளாஸ்கில் டீ கொண்டு வந்து மேசையிலேயே குடியுங்கள்.

இன்னொன்று, திங்கட்கிழமையை மாற்றுங்கள். வெள்ளி காலை தொடங்கினால் மோசமான இரண்டு நாளும் சனி, ஞாயிறில் போய்விடும், அலுவலக டீக்கடை கண்ணிலேயே படாது. சிகரெட் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற தேசிய இலவச எண்ணில் காலை 8 முதல் இரவு 8 வரை ஆலோசகரிடம் தமிழிலும் பேசலாம். அதற்குத் திங்கள்தான் விடுமுறை! சனி இரவு மதுவுக்கு மட்டும் யாரும் உட்காராதீர்கள். இரண்டாவது கிளாசில் எல்லா விதியும் மறந்துபோகும்.

கே: விட்டு மூன்று நாள் ஆகிறது. கை நடுக்கம், படபடப்பு, தூக்கமே இல்லை. சிகரெட்டை மறக்க ஒரு நாளைக்கு எட்டு காபி குடிக்கிறேன். (வாசகர், கும்பகோணம்)

இதில் பாதி காபியின் வேலையாக இருக்கலாம். புகையிலுள்ள தார்ப் பொருள்கள் கல்லீரலில் ஒரு நொதியைத் தூண்டிவிடுகின்றன. அதனால் புகைப்பவர் உடலில் காபீன் வேகமாகக் கரைகிறது. புகை நின்ற சில நாளில் அந்த வேகம் குறைந்து, அதே எட்டு காபி முன்பைவிட அதிக நேரம் உடலில் தங்கும். நான்காகக் குறையுங்கள். கடைசி காபி மதியத்துக்குள் முடியட்டும். ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், அதற்கென்று தனியாக ஒரு தலைவலி வரும்.

ஆஸ்துமாவுக்கான தியோபிலின், மனநோய்க்கான குளோசபின், ஒலான்சபின் மாத்திரைகளுக்கும் இதே கதைதான். இவற்றை உட்கொள்பவர்கள் சிகரெட்டை நிறுத்துவதை மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும். அளவைக் குறைக்க வேண்டி வரலாம். இன்சுலினோ, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்பரினோ எடுப்பவர்களும் அப்படியே. படபடப்போடு நெஞ்சுவலியும் இருந்தால் காபிக் கணக்கெல்லாம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கே: நிகோட்டின் சூயிங்கம் வாங்கினேன். தொண்டை எரிச்சலும் விக்கலும்தான் மிச்சம். (வாசகர், தென்காசி)

சாதாரண பபுள்கம் போல மென்றிருப்பீர்கள். அப்படி மென்றால் நிகோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய் விக்கலைத்தான் கொடுக்கும். அது கன்னத்தின் உட்புறம் வழியாக உடலில் சேர வேண்டும். மெதுவாக மெல்லுங்கள், மிளகு கடித்ததுபோல் சுருக்கென்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். ஒரு நிமிடம் போல் கழித்து அந்தச் சுருக்கு அடங்கியதும் மறுபடி மென்று, வேறு பக்கம் ஒதுக்குங்கள். ஒரு கம் அரை மணி நேரம் வரும்.

மெல்வதற்கு 15 நிமிடம் முன்பிருந்து காபி, டீ, ஜூஸ், சோடா கூடாது. வாயில் புளிப்புத்தன்மை ஏறினால் நிகோட்டின் உள்ளே இறங்காது. சிகரெட் சில விநாடியில் மூளையைத் தொடும். கம்முக்கு 20, 30 நிமிடமாகும். எனவே ஏக்கம் வந்த பின் தேடாமல், முதல் வாரங்களில் ஒன்று, இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என மெல்லுங்கள். அட்டையிலுள்ள உச்ச அளவைத் தாண்டாதீர்கள். எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் பிடித்தவர் என்றால் 2 மில்லிகிராம் போதாமல் போகலாம்; 4 மில்லிகிராம் பற்றி மருத்துவரைக் கேளுங்கள்.

கே: என் வீட்டுக்காரர் விட்டு நான்கு நாள். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். பொறுக்காமல் “பேசாம பிடிச்சே தொலைங்க” என்று சொல்லிவிட்டேன். (வாசகி, தேனி)

சொன்னது சொன்னதாகப் போகட்டும், இனி அந்த வார்த்தை வேண்டாம். அவர் மனம் தேடிக்கொண்டிருக்கும் அனுமதியே அதுதான். எரிச்சல் பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் அடங்கும். சட்டைப் பையைத் துழாவாதீர்கள்; புகை வாடையடிக்கும் சட்டைகளைத் துவைத்துப் போடுங்கள். சாப்பிட்டதும் பத்து நிமிடம் இருவரும் நடந்துவிட்டு வாருங்கள், பெட்டிக்கடை இல்லாத தெருவாக. வாய்க்குச் சோம்பு, கிராம்பு, பொட்டுக்கடலை கொடுக்கலாம். பாக்கு கூடாது. புகையிலை சேர்க்காத பாக்கும் வாய்ப்புற்றுநோயை உண்டாக்கும்.