பப்ளிக் பாலிசி பட்டத்துக்காகத் தோட்டத்தை அடகு வைக்காதீர்கள்

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: மகள் கணிதப் பிரிவில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். அரசுத் திட்டங்கள் எப்படி உருவாகின்றன என்று படிக்க வேண்டுமாம். மாமா கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறார். சித்தப்பா, ‘பி.ஏ. என்றால் கையோடு ஐ.ஏ.எஸ். கோச்சிங்’ என்கிறார். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பப்ளிக் பாலிசி பட்டத்துக்கு மூன்றாண்டுக்கு 15 லட்சம் கேட்கிறார்கள். தோட்டத்தை அடகு வைக்கலாமா?

வைக்காதீர்கள், அம்மா. மகள் கேட்கும் துறை நல்ல துறை, கவலை வேண்டாம். ஆனால் 15 லட்சம் அநியாயம். மத்திய, மாநிலத் தேர்வு அறிவிக்கைகளை எடுத்து, கல்வித் தகுதிப் பகுதியில் ‘பப்ளிக் பாலிசி’ என்ற பெயரைத் தேடிப் பாருங்கள். ‘புள்ளியியல்’, ‘பொருளியல்’ என்ற பெயர்களையும் தேடுங்கள். வித்தியாசம் தெரிந்துவிடும். சித்தப்பா சொல்லும் தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும். அதை இன்றே முடிவு செய்ய அவசியமில்லை.

உங்களுக்குத் தெரிந்த திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2023-இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கு வைத்த நிபந்தனைகள்: குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். சம்பளச் சீட்டு இல்லாத வீட்டில் வருமானத்தைச் சரிபார்க்க வழியில்லை. மீட்டர் பொய் சொல்லாது. ஆனால் ஒரே மீட்டரில் மூன்று அடுப்பு எரியும் கூட்டுக்குடும்பம்? 3,600 என்பதை 3,000 ஆக்கினால் எந்தத் தெருவில் யார் வெளியே போவார்கள், 4,000 ஆக்கினால் செலவு எவ்வளவு ஏறும்? மேடையில் ஒரு வரியில் அறிவித்துவிடலாம். இந்தக் கேள்விகளுக்கு விடை தேட, சமூகத்தை எண்களால் அளக்கப் படித்த ஆள் வேண்டும்.

அந்த வேலை சரியாக நடக்காவிட்டால் சட்டமே நிற்காது. வன்னியர்களுக்கான 10.5% உள் ஒதுக்கீட்டை 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தச் சமூகத்தைத் தனியாகப் பிரிப்பதற்குக் காட்டிய தரவுகள் பழையவை, போதாதவை என்பது முக்கியக் காரணம்.

சரி, என்ன படிக்கலாம்? பெரும்பாலானோர் கண்ணில் படாத பி.எஸ்சி. புள்ளியியல். துணைப்பாடமாகப் பொருளியல் கிடைத்தால் இன்னும் நல்லது. சென்னை மாநிலக் கல்லூரி உட்படச் சில அரசுக் கலைக் கல்லூரிகளில் இருக்கிறது; கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம்தான்.

சேருமுன் பாடத்திட்டத்தைக் கையில் வாங்கி எண்ணுங்கள்: ஆறு செமஸ்டரிலும் புள்ளியியல் பாடம் இருக்கிறதா? மத்திய அரசுப் பணிகளுக்கு ஆள் எடுக்கும் எஸ்.எஸ்.சி. பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வில் புள்ளியியல் ஆய்வாளர் இரண்டாம் நிலைப் பணிக்கு அது கட்டாயம். பி.ஏ. பொருளியலில் ஒன்றிரண்டு செமஸ்டர் துணைப்பாடமாக மட்டும் புள்ளியியல் படித்தவர்கள் தேர்வில் ஜெயித்துவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியே வருவது இதனால்தான். அதே தேர்வில் ஜூனியர் புள்ளியியல் அலுவலர் பணிக்கு விதி தளர்வு: பட்டத்தில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்தால் போதும், அல்லது பிளஸ் டூ கணிதத்தில் 60% இருந்தால் எந்தப் பட்டமும் போதும். தொடக்க அடிப்படைச் சம்பளம் 35,400. வீடு வீடாக நடக்கும் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் களப்பணி இவர்கள் பொறுப்பில்தான். இன்னும் மேலே, யு.பி.எஸ்.சி.யின் இந்தியப் புள்ளியியல் பணி: வயது 21 முதல் 30, முதல்நிலைத் தேர்வு கிடையாது, எழுத்துக்கு 1,000 மதிப்பெண், நேர்முகத்துக்கு 200. இந்தியப் பொருளாதாரப் பணிக்கு முதுநிலை வேண்டும். புள்ளியியல் பணிக்குப் புள்ளியியல் உள்ள இளநிலைப் பட்டம் போதும். இடங்கள் சில பத்துதான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

படிக்கும்போதே ‘ஆர்’ (R) என்ற புள்ளியியல் மென்பொருளைப் பழகட்டும், அது இலவசம். மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் தொழிலாளர் கணக்கெடுப்பின் வீட்டுவாரித் தரவைப் பெயர் நீக்கி இலவசமாகவே தருகிறது. முதலில் எல்லோரும் செய்யும் தப்பு, மல்டிப்ளையரைப் பெருக்க மறப்பது. மாதிரியில் வரும் ஒவ்வொரு வீடும் வெவ்வேறு எண்ணிக்கை வீடுகளுக்குப் பிரதிநிதி; அந்த எண்ணிக்கைதான் மல்டிப்ளையர். அதைப் பெருக்காமல் தலையை எண்ணினால் வேலையின்மை விகிதமே தப்பாக வரும்.

கடைசியில் ஒரு சோதனை. இதை மகள்தான் செய்ய வேண்டும். 1999-2000 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் உணவுச் செலவை ஒரே வீட்டில் 7 நாளுக்கும் 30 நாளுக்கும் சேர்த்துக் கேட்டார்கள். ஒரு பதில் மற்றதைப் பாதித்துவிட்டது என்ற சந்தேகம் எழுந்தது. 1993-94இல் 36%ஆக இருந்த நாட்டின் வறுமை 26%ஆகக் குறைந்ததா, கேள்வி மாறியதால் எண் மாறியதா என்று பொருளியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் சண்டையிட்டார்கள். உங்கள் தெருவில் பத்து வீட்டில் ‘போன 7 நாளில் எண்ணெய்க்கும் காய்கறிக்கும் எவ்வளவு செலவு?’ என்றும், வேறு பத்து வீட்டில் ‘போன 30 நாளில்?’ என்றும் கேட்கட்டும். முதல் கணக்கை மாதத்துக்கு மாற்றி இரண்டையும் ஒப்பிடட்டும். எண்கள் ஒத்துவராதபோது ‘ஏன்?’ என்று மறுபடி அந்த வீடுகளுக்குப் போகிறாளா, சலித்து நோட்டை மூடுகிறாளா என்று பாருங்கள். மூடிவிட்டால் இந்தப் படிப்பு வேண்டாம். நானும் வற்புறுத்த மாட்டேன். போனால் மாமா தடுத்தாலும் சேருங்கள்.

அந்த இருபது வீட்டில் சித்தப்பா வீடும் ஒன்றாக இருக்கட்டும்.