பந்து மூலையில் சிக்கினால்

காமடோர் 64-ங்கற பழைய வீட்டுக் கணினியில, பின்பால் மேசையை நாமளே வடிவமைக்க உதவற பின்பால் கன்ஸ்ட்ரக்‌ஷன் செட்ங்கற மென்பொருளை வச்சு நீங்க செஞ்ச மேசையில, இடது ஃபிளிப்பருக்கு (பந்தை அடிச்சு மேலே தள்ளற துடுப்புக்கு) மேல பந்து போய் உட்கார்ந்துடுதுன்னு கேட்டிருந்தீங்க. ஈர்ப்பைக் கூட்டியும் நகரலைன்னா கோளாறு அதுல இல்ல, சுவர்லதான். அந்த இடம் தட்டையா இருக்கும். திரையில இருக்கற சுத்தியல் கருவியால சுவரோட விளிம்புல ஒரு புள்ளி சேர்த்து, அம்புக்குறியால கொஞ்சம் மேலே இழுங்க. சரிவு கிடைச்சா பந்து தானா உருண்டு வந்துடும். புள்ளி தப்பா விழுந்தா அதை நீக்க கத்தரிக்கோல் கருவி இருக்கு (1983-லயே இதை உருவாக்கின பில் பட்ஜ் எவ்வளவு யோசிச்சிருக்கார் பாருங்க!). ஈர்ப்பை மறக்காம பழைய அளவுக்கு இறக்கிடுங்க, இல்லன்னா பந்து கல்லு மாதிரி விழும். முடிச்சதும் தனி டிஸ்க்குல சேமிச்சு நண்பர்கிட்ட குடுங்க, இந்த மென்பொருள் அவர்கிட்ட இல்லாட்டியும் ஆட்டம் ஓடும்.