காற்றுக் கையுறை வாங்கலாமா?

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதம் ஆகிறது. நடக்கிறார். வலது கையை மூட முடிகிறது. விரல்கள் கொஞ்சம்தான் விரிகின்றன. காற்றடித்து விரல்களை அசைக்கும் ரோபோ கையுறை ஒன்றை ஆன்லைனில் பார்த்தோம். ‘30 நாளில் கை பழையபடி ஆகும்’ என்கிறார்கள். அழுத்தும் பந்தும் கதவில் மாட்டும் கப்பியும் சேர்த்தே தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். அந்தக் கையுறையில் பம்ப் காற்றை ஏற்றியும் உறிஞ்சியும் விரல்களை மடக்கி விரிக்கும். மூட்டு இறுகாமல் இருக்க அது உதவலாம். ஆனால் கைக்கு வேலை திரும்ப வேண்டுமென்றால் விரலை அசைக்க அவரே முயல வேண்டும், அதுவும் நூற்றுக்கணக்கான தடவை. அப்பா டிவி பார்க்க, கையுறை தன்பாட்டுக்கு ஓடினால் மூளைக்கு அதில் பயிற்சி இல்லை.

பந்தும் இவருக்குத் தேவையில்லை. மூடுவது ஏற்கெனவே வருகிறது, விரிப்பதுதான் வரவில்லை. கப்பியைத் தொடவே வேண்டாம். தளர்ந்த தோளை அது தலைக்கு மேல் இழுத்து வலியைக் கிளப்பிவிடும்.

முதலில் ஒரு சோதனை. முன்கையை மேசையில் வைத்து, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே தொங்கவிடச் சொல்லுங்கள். அங்கிருந்து மணிக்கட்டைச் சுமார் 20 டிகிரியும் விரல்களை 10 டிகிரியும் தானாக நிமிர்த்த முடிகிறதா? முடிந்தால், நல்ல கை வேலை செய்யாதபடி அதற்குச் சாதாரண உறை மாட்டிப் பாதித்த கையையே வேலை வாங்கும் பயிற்சி பற்றி பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். 2006-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்களுக்கு இரண்டு வாரம் இதைக் கொடுத்தபோது கை நன்றாகவே தேறியது. அப்பா அந்தக் காலகட்டத்தில்தான் இருக்கிறார். நடக்கும்போதும் அடுப்பருகிலும் உறை கூடாது.

அந்த அளவு நிமிரவில்லையா? முகம் பார்க்கும் கண்ணாடி வாங்குங்கள். முழங்கை வரை தெரியும் அகலம் வேண்டும். உருவம் நெளியக் கூடாது. மேசை நடுவில் நிறுத்தி, நல்ல கை கண்ணாடிக்கு முன்னால், பாதித்த கை பின்னால். மோதிரம், கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் நல்ல கையின் பிம்பம் பாதித்த கையாகத் தோன்றாது. கண்ணாடியைப் பார்த்தபடி இரண்டு கைகளையும் விரித்து மூட முயல வேண்டும். தினம் 30 நிமிடம், இரண்டு தவணையாக.

பிடிமானத்துக்கு வீட்டுப் பொருளே போதும்: முதலில் பிளாஸ்டிக் டம்ளர், பிறகு துணி கிளிப், கடைசியில் புளியங்கொட்டை. எடுப்பதைவிட விடுவதே கடினம், அதனால் கிண்ணத்தில் போடுவதையும் கவனியுங்கள். இங்கே பலரும் தவறுவது ஒன்று: விரலுக்குப் பதில் தோளைத் தூக்கி, உடம்பைச் சாய்த்து எடுப்பார்கள். முதுகு நாற்காலியில் ஒட்டியிருக்கட்டும். வாரம் ஒருமுறை, 60 விநாடியில் எத்தனை கொட்டை மாற்றினார் என்று எழுதி வையுங்கள்.

கையுறை வாங்கியே தீருவதானால், பயிற்சிக்கு முன் 10 நிமிடம் கையைத் தளர்த்த மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை அளந்து சைஸ் எடுங்கள். விரல் விரியும்போது மணிக்கட்டு உள்ளே மடங்கினால் தசை இறுக்கம் கையுறையை வெல்கிறது. அதைக் கழற்றிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். கையில் உணர்ச்சி குறைவென்றால் ஒவ்வொரு முறையும் தோலைப் பாருங்கள், அழுத்தியது தெரியாமலே புண்ணாகும். கையுறைக்குக் காற்று போகும் டியூப் தனியாகக் கிடைக்குமா என்றும் விற்பவரிடம் கேளுங்கள்.

அந்த ‘30 நாள்’ விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்பது 2020-ன் மின்வணிக விதி. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகார் கொடுங்கள்.