வேதியியல் படிக்க ஆசைப்படும் மகளின் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா.

"கெமிஸ்ட்ரி எடுத்தால் கடைசியில் டீச்சர் வேலைதானே?" என்று கேட்டிருந்தீர்கள். ஆசிரியர் பணி அதில் ஒரு வழி, நல்ல வழி. ஆனால் இளநிலைப் பட்டம் முடித்த கையோடு வேலைக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் திறக்கும் கதவு தரக்கட்டுப்பாட்டு ஆய்வகம். இதை ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. கல்லூரி நாட்களில் உங்கள் மகள் எதில் அதிகம் கவனம் வைக்க வேண்டும் என்பது இதை வைத்தே முடிவாகும்.

மருந்து, பெயின்ட், சோப்பு, உரம், சிமென்ட், குடிநீர் என்று எதை எடுத்தாலும் சரி. இருக்க வேண்டியது சரியான அளவில் இருக்கிறதா, இருக்கக் கூடாதது ஏதாவது கலந்திருக்கிறதா என்று ஒருவர் அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சரக்கு வெளியே போகும். ஒரு மாத்திரையில் 500 மில்லிகிராம் மருந்து இருக்கிறது என்று அட்டையில் அச்சிட்டிருந்தால், அதைச் சோதித்துச் சொல்பவர் ஒரு வேதியியலர். மாத்திரையைப் பொடித்துக் கரைத்து, வடிகட்டி, எச்.பி.எல்.சி. என்ற கருவிக்குள் செலுத்துவார். கரைசல் அதிக அழுத்தத்தில் ஒரு மெல்லிய குழாய் வழியாக ஓடும்போது, அதிலுள்ள சேர்மங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் வெளியே வரும். திரையில் ஓடும் கோட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பீக், அதாவது ஒரு கூர்மையான மேடு, எழும். அதன் பரப்பளவை, அளவு ஏற்கெனவே தெரிந்த ஒரு மாதிரியின் பரப்பளவோடு ஒப்பிட்டால் அளவு கிடைத்துவிடும். கருவியை இயக்கச் சில வாரங்களில் பழகிவிடலாம். வரக்கூடாத இடத்தில் ஒரு சின்ன பீக் வந்தால் "இது எங்கிருந்து வந்தது?" என்று யோசிக்கத்தான் பட்டப்படிப்பு வேண்டும். கரைப்பானில் அழுக்கா, மருந்தே சிதைந்திருக்கிறதா, முந்தைய மாதிரியின் மிச்சமா என்று பிரித்துப் பார்க்க, படித்த கரிம வேதியியலும் இயற்பியல் வேதியியலும் சேர்ந்து கை கொடுக்க வேண்டும்.

அதனால்தான் செய்முறை வகுப்பை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எல்லா மாணவர்களிடமும் சொல்கிறேன். மதிப்பெண் தேர்வில் இருக்கிறது, லேப் ஒப்புக்குத்தான் என்று நினைக்கிற பிள்ளைகள் நேர்காணலில் திணறுகிறார்கள். டைட்ரேஷனையே எடுத்துக்கொள்வோம்; ஒரு கரைசலில் இன்னொன்றைச் சிறிது சிறிதாக விட்டு அதன் செறிவைக் கண்டுபிடிக்கும் சோதனை அது. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும் பியூரெட் என்ற கண்ணாடிக் குழாயில் 0.1 மில்லிலிட்டருக்கு ஒரு கோடு இருக்கும். ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மில்லிலிட்டர். பினாப்தலீன் என்ற நிறங்காட்டி சேர்த்த அமிலக் கரைசலில் காரம் விழ விழ, இளஞ்சிவப்பு தோன்றித் தோன்றி மறையும். அந்த நேரத்தில் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு சொட்டாக விட்டு, வெளிறிய நிறம் அரை நிமிடம் கலையாமல் நின்றதும் நிறுத்த வேண்டும். அடர் சிவப்பு வந்துவிட்டால் எல்லை தாண்டிவிட்டது என்று அர்த்தம். கண்ணைத் திரவ மட்டத்துக்கு நேராக வைத்து, திரவ மேற்பரப்பு வளைந்திருக்கும் இடத்தின் அடிப்பகுதியைப் படிக்க வேண்டும். அளவீடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் வரை திரும்பவும் செய்ய வேண்டும். இதைப் பொறுமையாகச் செய்யப் பழகிய கைக்கு எந்த ஆய்வகத்திலும் மரியாதை உண்டு.

அப்புறம் நோட்டுப் புத்தகம். அளவீட்டைத் துண்டுச் சீட்டில் எழுதிவிட்டுப் பிறகு அழகாகப் படி எடுப்பது, எதிர்பார்த்த விடைக்கு ஏற்ப எண்ணைத் திருத்துவது போன்ற பழக்கங்கள் கல்லூரியிலேயே தொற்றிக்கொள்கின்றன. மருந்துத் துறையில் இது மன்னிக்கப்படாத குற்றம். தவறாக எழுதிவிட்டால், எழுதியது தெரியும்படி ஒரே கோடாக அடித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதி, தேதியும் கையெழுத்தும் இட வேண்டும். முதல் வருடத்திலிருந்தே உங்கள் மகள் இப்படி எழுதிப் பழகட்டும்.

படிப்பில் கஷ்டமான இடம் எது என்றும் கேட்டீர்கள். பள்ளியில் வேதியியலில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளும் தடுமாறுவது இயற்பியல் வேதியியலில்தான். வெப்ப இயக்கவியல், வினைவேகம், குவாண்டம் பகுதி எல்லாமே வகையிடல், தொகையிடல் இல்லாமல் நகராது. கணக்கைப் பார்த்து ஒதுங்கி இந்தப் பாடத்துக்கு வருகிறாள் என்றால் அதை இப்போதே பேசிவிடுங்கள். கணக்கு கொஞ்சம் பலவீனம் என்பது பெரிய தடை இல்லை, முதல் இரண்டு பருவத்தில் உழைத்தால் சரியாகிவிடும். கரிம வேதியியலில் தடுமாற்றம் வேறு விதமாக வரும். வினைகளை மனப்பாடம் செய்கிறவர்கள் நூறாவது வினையில் சோர்ந்துபோவார்கள். எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே நகர்கிறது என்று அம்புக்குறி போட்டுப் பழகுகிறவர்களுக்கு அந்த நூறும் சில வகைகளாகச் சுருங்கிவிடும்.

வேதிப் பொறியியலும் இதுவும் ஒன்றா என்ற குழப்பம் பல பெற்றோருக்கு இருக்கிறது. ஒன்றல்ல. குடுவையில் 100 மில்லி அளவில் ஒரு வினையை உருவாக்குவதும் புரிந்துகொள்வதும் வேதியியலரின் வேலை. அதையே ஆயிரக்கணக்கான லிட்டர் கலனில், சூடு மிஞ்சாமல், செலவு கட்டுப்படியாகும்படி நடத்திக் காட்டுவது பொறியியலரின் வேலை. இயந்திரம், குழாய், அழுத்தம் இவற்றில் ஈர்ப்பு இருந்தால் பொறியியல். பொருள் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்ற கேள்வி விடாமல் துரத்தினால் வேதியியல்.

எவ்வளவு தூரம் படிக்க வேண்டும் என்பதை இன்றே முடிவு செய்ய வேண்டாம். இளநிலையோடு தரக்கட்டுப்பாடு, உற்பத்தி, கருவி விற்பனை, தொழில்நுட்ப உதவி என்று போகலாம். புதிய மூலக்கூறுகளை உருவாக்கும் ஆராய்ச்சிப் பிரிவுகள் பொதுவாக முதுநிலைப் பட்டம் கேட்கும். தன் கேள்வியைத் தானே முடிவு செய்து ஆராய முனைவர் பட்டம் வேண்டும். அதற்குப் பல வருடம் பிடிக்கும், ஆனால் பல இடங்களில் ஆய்வு மாணவர்களுக்கு உதவித்தொகை கிடைக்கிறது. காப்புரிமை, தடயவியல், சுற்றுச்சூழல் கண்காணிப்பு, மருந்து ஒழுங்குமுறை போன்ற துறைகளுக்கும் இந்தப் பட்டத்தின் மேல் இன்னொரு பயிற்சி சேர்த்துப் போகிறார்கள்.

ஆசிரியப் பணியைக் குறைவாக நினைக்க வேண்டாம். 1974-இல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு ராப்சன் மாணவர்களுக்குப் பாடம் நடத்த மரப்பந்துகளால் மூலக்கூறு மாதிரிகள் தயாரித்துக்கொண்டிருந்தார். பந்தில் துளைகள் எந்தெந்தக் கோணத்தில் இருக்கின்றனவோ அதை வைத்தே மூலக்கூறின் வடிவம் தானாக அமைந்துவிடுவதைக் கவனித்தார். அந்த எண்ணத்தை விடாமல் பின்தொடர்ந்ததில் பிறந்தவைதான் உள்ளே வெற்றிடம் கொண்ட உலோக-கரிமக் கட்டமைப்புகள். அதற்காக 2025-இல் சுசுமு கிடகாவா, ஓமர் யாகி ஆகியோருடன் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வகுப்புக்குத் தயாராகும்போது தோன்றிய யோசனை அது.

ரசாயனம் உடம்புக்கு ஆபத்தில்லையா என்ற உங்கள் பயம் சரியானது. எந்தப் பொருளுக்கு எந்தக் கையுறை, எதைப் புகைபோக்கிப் பெட்டிக்குள் மட்டுமே திறக்க வேண்டும், எதை எதோடு சேர்த்து வைக்கக் கூடாது என்பதெல்லாம் முறையாகக் கற்றுத்தரப்பட வேண்டிய பாடம். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் மாணவர்களை உள்ளே விடும் கல்லூரியில் சேர்க்க வேண்டாம், அது எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும் சரி.

செயற்கை நுண்ணறிவு வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுமோ என்பது உங்கள் கடைசிக் கேள்வி. 2024-இன் வேதியியல் நோபலில் ஒரு பாதி, புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு மென்பொருளுக்காக டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் போனது. ஜம்பர் முனைவர் பட்டம் பெற்றதே கோட்பாட்டு வேதியியலில்தான். அதனால் பட்டப்படிப்போடு பைத்தான் என்ற கணினி நிரல் மொழியும் புள்ளியியலும் கற்றுக்கொள்ளச் சொல்வேன். கணினி ஒரு மூலக்கூறைப் பரிந்துரைத்தாலும், அதைச் செய்து, சுத்திகரித்து, அளந்து பார்க்க ஆள் வேண்டும்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைவிட லேப்பைப் பாருங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் செய்முறை, கருவிகளை மாணவர்களே தொடுகிறார்களா, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறார்களா, கடைசி வருட ஆய்வுத் திட்டத்தைத் தனியாகச் செய்கிறார்களா, பத்துப் பேர் சேர்ந்தா என்று விசாரியுங்கள். முடிந்தால் கடைசி வருடம் படிக்கும் ஒரு மாணவியிடம் உங்கள் மகளைப் பேசவிடுங்கள். அப்போது நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் அம்மா. அவள் கேட்க நினைப்பதை அவளே கேட்கட்டும்.