வாசகர் கேள்வி பதில்: பாணந்துறையில குரங்கு, கிளிநொச்சியில கரண்ட் இல்லை

கேள்வி: 2025 பெப்ரவரி 9இல பாணந்துறை உபமின் நிலையத்துக்குள்ள குரங்கு ஒண்டு போனதால நாடு முழுக்கக் கரண்ட் போச்சு எண்டு சொன்னவை. அங்க நடந்ததுக்கு எங்கட வீட்டு ஃபான் ஏன் நிக்கவேணும்? வேலியை உயர்த்திக் கட்டினாக் காணாதோ? (வாசகி, பரந்தன்)

பதில்: காணாது அக்கா. வேலி தேவைதான், ஆனா மரமேறுற சாமானுக்கு வேலி எந்த மூலைக்கு. எங்களுக்குக் கரண்ட் அனுராதபுரம், வவுனியாப் பக்கத்தாலதான் வருது, நாடு முழுக்க ஒரே வலை, எல்லா மெஷினும் ஒரே 50 ஹேர்ட்ஸில, அதாவது கரண்ட் செக்கனுக்கு 50 தரம் அசையிற ஒரே தாளத்தில, சேர்ந்து சுத்தவேணும். அண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை, நேரம் பதினொன்றரை போல, கந்தோர் எல்லாம் பூட்டு, பாவிப்புக் குறைவு, கூரைச் சோலார்தான் கனக்கக் குடுத்துக்கொண்டு நிண்டது. பாரமான டேர்பைன்கள் சுத்திக்கொண்டு நிண்டா, ஒரு அடி விழுந்தாலும் அந்தச் சுழற்சி கொஞ்சநேரம் தாங்கிப் பிடிக்கும், சோலாருக்கு அப்பிடிச் சுத்துற பாரம் ஒண்டும் இல்லை. அதாலதான் ஒரு இடத்து அடி முழு வலையையும் விழுத்தினது. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தில 300 மெகாவாட் மெஷின் மூண்டும் நிண்டுபோய், பிறகு சில நாள் மின்வெட்டும் வந்தது ஞாபகம் இருக்கும்.

எஞ்சினியர்மாருக்கு ஒரு சட்டம் இருக்கு, வலையில எந்த ஒரு சாமான் போனாலும் மிச்சம் நிக்கவேணும் எண்டு, ‘N-1’ (என் மைனஸ் வன்) எண்டுவினம். அமெரிக்காவில 2013 ஏப்ரல் 16இல கலிபோர்னியா மெற்காஃப் உபமின் நிலையத்தை ஆரோ துவக்கால சுட்டு 17 ட்ரான்ஸ்போமரைப் பழுதாக்கினவங்கள், ஆனா பெரிசா இருட்டு வரேல்ல, கரண்டை வேற பாதையால திருப்பிப்போட்டினம். அங்க 17 போயும் நிண்டது, இஞ்ச ஒண்டோட போச்சு. அதுதான் எனக்குக் கவலை. காவல் போடுற காசைவிட மாற்றுப் பாதைக்கும், பெரிய பற்றரிக்கும், கையிருப்பு ட்ரான்ஸ்போமருக்கும் போடுற காசு முக்கியம் எண்டுதான் நான் நினைக்கிறன், பெரிய ட்ரான்ஸ்போமர் ஒண்டு ஓடர் குடுத்தா வந்துசேர ஒரு வருசத்துக்கு மேலயும் எடுக்கும்.

கேள்வி: மகள் உளவியல் படிக்கிறா, படைப்பாற்றலை மார்க்ஸ் போட்டு அளக்கலாமாம். உண்மையோ? (வாசகர், மாங்குளம்)

பதில்: அளக்கப் பாக்கினம் ஐயா. 1950இல கில்ஃபோர்ட் எண்ட அமெரிக்க உளவியலாளர் தொடக்கிவைச்சது, ஒரு செங்கல்லை என்னென்னத்துக்குப் பாவிக்கலாம் எண்டு கேட்டு எத்தினை சொன்னது, எத்தினை வகை, எவ்வளவு புதுசு எண்டு எண்ணுறது. 1966இல டொரன்ஸ் எண்ட இன்னொரு உளவியலாளர் இன்னும் பெரிசாச் செய்தார். கன நாட்டுப் பிள்ளையளை ஒப்பிடுற 2022 பீசா (PISA) பரீட்சையிலும் பதினைஞ்சு வயசுப் பிள்ளையளுக்கு இதை வைச்சவை, சிங்கப்பூர் 60க்கு 41 எடுத்து முதலாவது, பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த ஓஈசிடி (OECD) அமைப்பு நாடுகளின்ர சராசரி 33.

ஆனா புதுசா இருந்தாக் காணாது, உதவவும் வேணும், ஆய்வாளர்மாரே அப்பிடித்தான் சொல்லுகினம். 1990க்குப் பிறகு போரும் அரசாங்கத்தின்ர பொருளாதாரத் தடையுமா வன்னியில கரண்டும் இல்லை எண்ணெயும் இல்லை, அப்ப எங்கட சனம் சைக்கிளைக் கவிட்டுப்போட்டுச் சில்லைச் சுத்தி டைனமோவில ரேடியோ கேட்டது, துளிப் பெற்றோலில மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணையில ஓட்டினது, ஜாம் போத்தல் விளக்கில பிள்ளையள் சோதினைக்குப் படிச்சது. செங்கல் சோதினை வைச்சிருந்தா அந்த ஆக்களில எத்தினை பேர் நல்ல மார்க்ஸ் எடுத்திருப்பினம்? கஷ்டம் நல்லது எண்டு சொல்ல வரேல்ல, அந்தத் தடை மனுசரை வதைச்சது. ஆனா அந்த மூளையை ஒரு கணக்கிலும் சேர்க்காமல் விட்டது பிழை.

கேள்வி: மின்வலைப் பாதுகாப்பு, படைப்பாற்றல், இந்த ரெண்டுக்கும் கொள்கை ஆய்வில என்ன தொடர்பு? (மாணவன், முல்லைத்தீவு)

பதில்: நல்ல தொடர்பு தம்பி. பாதுகாப்புத் திட்டம் போடேக்க முதல் வேலை என்னென்ன பிழை வரலாம் எண்டு யோசிக்கிறது, அதுக்குக் கற்பனை வேணும், கொழும்புக் கந்தோரில இருக்கிற நாலு பேரின்ர கற்பனை மட்டும் காணாது. கம்பியில ஏறுற லைன்மன்மாரைக் கூப்பிட்டு, யானை, மயில், பாம்பு, மாரிக் காத்து, களவுபோற செப்புக் கம்பி எண்டு எல்லாத்தையும் சொல்லவிடவேணும், கில்ஃபோர்ட்டின்ர முறையிலயே எண்ணிப்பாக்கலாம், ஒருத்தரும் யோசிக்காத ஆபத்தைச் சொன்னவருக்குக் கூட மார்க்ஸ். ஆர் கனக்கச் சொல்லுகினம், எது உண்மையில நடந்தது எண்டு பிறகு ஒப்பிட்டா அதுவே நல்ல ஆய்வு, பல்கலைக்கழகத்துக்குப் போனா நீங்களே செய்யலாம், புள்ளிவிபரவியலை மட்டும் கைவிடாதேங்கோ. அந்தக் காலத்தில டைனமோ பூட்டின ஆக்கள் ஆரும் இதை வாசிச்சா, எப்பிடிப் பூட்டினீங்கள் எண்டு படம் கீறி எங்களுக்கு அனுப்புங்கோ.