வின்சென்ட் தே பவுல் சபையில் உதவி கேட்டால் வீட்டுக்கு வந்து துருவித் துருவிக் கேட்பார்களாமே, போகலாமா?

கேள்வியின் சுருக்கம் இது: மூன்று மாத வாடகை பாக்கி, மாதா கோயிலில் வின்சென்ட் தே பவுல் சபை என்று ஒன்று உதவி செய்கிறதாம், ஆனால் வீட்டுக்கே வந்து விசாரணை நடத்துவார்களாம், மதமும் பார்ப்பார்களாம், போனால் மானம் போகுமா? "நண்பருக்காகக் கேட்கிறேன்" என்று போட்டிருக்கிறீர்கள். சரி, நண்பர் என்றே வைத்துக்கொள்வோம். நானும் ஒரு காலத்தில் எல்லாவற்றையும் நண்பருக்காகத்தான் கேட்டேன்.

நான் இப்போது அந்தச் சபையில் இருக்கிறேன், தண்டையார்பேட்டைப் பக்கம். எந்தக் கோயில் பங்கு என்று சொல்ல மாட்டேன். "அவங்க ஆளு, அப்படித்தான் பேசுவான்" என்பவர்கள் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சபையில் சேர்வதற்குப் பல வருடம் முன்பே அந்த விசாரணைக்கு முன்னால் உட்கார்ந்தவன் நான்.

2002 ஏப்ரல். நைனா காசிமேட்டில் லாஞ்சுக்குப் போய்க்கொண்டிருந்தார். சொந்தப் படகு கிடையாது, பிடிக்கிற மீனில் பங்குக்குப் போகிற ஆள். வலை இழுக்கும்போது விஞ்சில் கயிறோடு வலது கை மாட்டிக்கொண்டது. இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். பத்தே நாளில் மீன்பிடித் தடைக்காலம். அப்போது 45 நாள், 2017-லிருந்துதான் 61. படகு ஓடினாலாவது ஓனரிடம் முன்பணம் கேட்கலாம். கரையில் கட்டிக் கிடக்கிற படகுக்காரரிடம் என்ன கேட்பது? அம்மாவின் மீன் கூடையும் தடைக்காலத்தில் பாதிதான் நிறையும்.

யார் சொன்னார்களோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இன்னொருவர் டீச்சர். வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் நைனா, கையைத் தலையணை மேல் வைத்தபடி. பெரியவர் வெள்ளை வேட்டியோடு தரையில் உட்கார்ந்தார். "இன்னா நைனா, எத்தினாவது படிக்கிற?" என்றார் என்னிடம். ஒன்பதாவது. அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். வாடகை எவ்வளவு, கடன் எவ்வளவு, யாரிடம், அடகு என்ன வைத்தீர்கள். வாசலில் பாதித் தெரு நின்றது. அம்மா கம்மல் வரைக்கும் சொல்லிவிட்டார். எனக்கு அந்த நோட்டைப் பிடுங்கிக் கிழிக்க வேண்டும் போலிருந்தது. ஆகவே உங்கள் நண்பரின் பயம் எனக்குத் தெரியாத பயம் அல்ல.

இரண்டு நாள் கழித்து டீச்சர் ஒரு துண்டுச் சீட்டு கொண்டுவந்து கொடுத்தார். அரிசி 20 கிலோ, துவரம்பருப்பு 2, எண்ணெய் 2, சோப்பு 4. கீழே ஒரு கையெழுத்து. மளிகைக் கடையில் நீட்டினால் போதும், காசு கேட்க மாட்டார்கள். ஜூனில் எனக்கு நோட்டுப் புத்தகமும் யூனிஃபார்ம் துணியும் வந்தன. எட்டு மாதம் இப்படி ஓடியது. பெரியவர் வாராவாரம் வருவார், நோட்டை எடுக்காமலும் வருவார். நைனா கேரம் வெறியர். வலது கை போனபின் போர்டைப் பரண் மேல் போட்டுவிட்டார். அதை இறக்கச் சொல்லி, இடது கையால் ஸ்ட்ரைக்கரை அடிக்க வைத்தவர் அந்தப் பெரியவர்தான். முதல் மாதம் முழுக்க வேண்டுமென்றே தோற்றார் என்பது என் சந்தேகம். கடைசியில் நைனாவுக்கு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது, அதையும் இடது கையால் பழகி.

கடன் என்றதும் ஒன்று சொல்லாமல் நகர முடியவில்லை. எங்கள் பக்கம் கடன் என்றால் தண்டல்தான். பத்தாயிரம் என்பார்கள், கையில் 8,500 தருவார்கள், தினம் நூறு ரூபாய், நூறு நாள். இதற்கு ஏன் போகிறீர்கள் என்று அறிவுரை சொல்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று வருடம் முன்பு ஒரு வங்கியில் வண்டிக் கடன் கேட்டேன். சம்பளச் சீட்டு இருக்கிறது, பாக்கி எதுவும் இல்லை. அந்தப் பையன் பின்கோடைப் பார்த்துவிட்டு, "சார், உங்க ஏரியா நெகட்டிவ் லிஸ்ட்ல வருது" என்றான். கடன் கொடுக்கத் தயங்குகிற ஏரியாக்களின் பட்டியல். நாற்பது வருடமாக வாடகையும் வரியும் கட்டுகிற குடும்பம் நாங்கள். பின்கோடு நெகட்டிவாம். சரி, விடுங்கள், கேள்விக்கு வருகிறேன்.

வீட்டுக்குப் போய் விசாரிப்பது யாரோ இங்கே கண்டுபிடித்த வழக்கம் இல்லை. 1832-ல் பாரிஸை காலரா உலுக்கியது. அதற்கு அடுத்த வருடம் அங்கே ஒரு மாணவர் விவாத மன்றத்தில், பழம்பெருமை பேசுகிறீர்களே, உங்கள் திருச்சபை இன்று ஏழைகளுக்கு என்ன செய்கிறது என்று ஒருவன் குத்தினான். பிரடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவனுக்கு அது சுருக்கென்று தைத்தது. நண்பர்களோடு சேர்ந்து தொடங்கியதுதான் இந்தச் சபை. ஏழைகளின் வீட்டுப் படியேறிப் போவது எப்படி என்று அவர்களுக்குப் பழக்கியவர் ரோசலி ரென்டு என்ற கன்னியாஸ்திரி. ரொட்டிக்கும் விறகுக்கும் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்புவாராம். அதை முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு டீச்சரின் துண்டுச் சீட்டுதான் ஞாபகம் வந்தது. ஓசானாமுக்கு 1997-ல் அருளாளர் பட்டம், அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி, கொடுத்தார்கள். சாமியார் இல்லை, கல்யாணமான பேராசிரியர். சபையில் இருப்பவர்களும் என்னைப் போல வேலைக்குப் போகிற ஆட்கள்தான்.

பணம் எங்கிருந்து வருகிறது? சில கிளைகளுக்கு ஆஸ்திரேலியா, அயர்லாந்து கிளைகளோடு இணைப்பு உண்டு, மறைக்கவில்லை. எங்களுக்கு இல்லை. வாரக் கூட்டத்தில் ஒரு துணிப்பை சுற்றி வரும். எல்லாரும் கையை மூடி உள்ளே விட்டு, மூடியே வெளியே எடுப்போம். பாக்கெட்டில் ஒன்றுமில்லாதவரும் கையை விடுவார், யாருக்கும் தெரியாது. அதோடு கோயிலில் ஏழைகள் உண்டியல். அவ்வளவுதான். அதனால் மூன்று மாத வாடகையை மொத்தமாகக் கட்டிவிடுவோம் என்று நண்பரிடம் சொல்லிவிடாதீர்கள்.

மதம்? எங்கள் நோட்டில் இப்போது ஒன்பது குடும்பம். நான்கு இந்து, ஒன்று முஸ்லிம். மதம் மாற்ற வருகிறோம் என்பவர்களுக்கு ஒன்று: 20 கிலோ அரிசிக்கு மதம் மாறுகிற ஆளை எங்கள் தெருவில் நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் கத்தோலிக்கர் வீடு என்றால் "ஞாயிறு பூசைக்கு வர்றதில்லையே" என்று இழுக்கிற பழைய உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அது எனக்கும் பிடிக்காது.

இனி என் தப்பு. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டுக்குப் போனோம் (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). வெள்ளம் வடிந்து பத்து நாள். உள்ளே நுழைந்ததும் என் கண்ணில் பட்டது இரண்டு கதவு ஃபிரிட்ஜ். நோட்டில் "நிலைமை பரவாயில்லை" என்று எழுதிவிட்டேன். நிஜமாகவே எழுதினேன். கூட வந்த அக்கா ஒன்றும் பேசாமல், "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார். அந்தப் பெண் குடத்திலிருந்து மொண்டு கொடுத்தார். "ஃபிரிட்ஜ் ஓடலையா?" என்று கேட்டதும் கதவைத் திறந்து காட்டினார். மேல் தட்டில் பையனின் புத்தகங்கள், கீழே அரிசி டப்பா, மாமியாரின் மாத்திரை. சேற்று வாடை. "எலி பூந்துடுது, அதான் இதுல வெச்சிருக்கேன். இன்னும் நாலு டியூ பாக்கிக்கா." அரசு கொடுத்த புயல் நிவாரணம் 6,000 ரூபாயும் வரவில்லை, ரேஷன் கார்டு ஊர் விலாசத்தில் இருந்தது. வெளியே வந்ததும் அக்கா என் கையிலிருந்து நோட்டை வாங்கி அந்த வரியை அடித்தார். திட்டவில்லை. இரண்டு இரண்டு பேராகப் போக வேண்டும் என்ற விதியை அதுவரை நான் பாதுகாப்புக்கு என்றுதான் நினைத்திருந்தேன். கடைசியில் அந்த வீட்டுக்கு நாங்கள் செய்தது: ஸ்டவ், பாய், மூன்று மாத மளிகை, நிவாரணத்துக்கு மனு. ஃபிரிட்ஜ் டியூவுக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

உங்கள் நண்பருக்கு: ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் கோயில் அலுவலகத்தில் சொன்னால் போதும். எந்தக் கோயில் என்றும் யோசிக்க வேண்டாம், வீட்டுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அது, ராயபுரமோ பெரம்பூரோ. சபை இல்லாத பங்காக இருந்தால் இருக்கிற இடத்தைச் சொல்வார்கள். சிபாரிசு தேவையில்லை. ராத்திரியில் சாவு மாதிரி அவசரம் என்றால் எங்களுக்காகக் காத்திருக்காமல் 155377-க்கு அடியுங்கள், அரசின் இலவச அமரர் ஊர்தி. பெட்டி, குழி வேலைக்கு நாங்கள் பின்னால் வந்துவிடுவோம்.

வருகிறவர்கள் கடன் எவ்வளவு என்று கேட்டால் முழுசாகச் சொல்லச் சொல்லுங்கள். வாசலில் ஆள் நின்றால் கதவைச் சாத்தச் சொல்லலாம், தப்பில்லை. அன்றைக்கு எங்கள் அம்மா கம்மல் வரை சொன்னவர், ஒரு தண்டலை மட்டும் மறைத்துவிட்டார். கொடுத்தவர் பக்கத்து வீட்டு அக்கா, எங்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். அது பெரியவருக்குத் தெரியவந்தபோது நூறு நாள் முடிந்து, வட்டி மேல் வட்டி ஏறியிருந்தது.