எது புத்தகம், எது பாக்கெட்?

கேள்வி: 1847-ல் சிந்து மாகாணத்தை ஆங்கிலேயர்கள் பம்பாய் மாகாணத்துடன் இணைத்தது நிர்வாக வசதிக்காகத்தானே? அதில் என்ன தவறு? (கவிதை ஒன்றும் இணைத்துள்ளேன்.)

பதில்: 'இணைத்தது' என்கிறீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு ஷாம்பு வாசனை அடிக்கிறது. பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு வார இதழில், அட்டையோடு ஷாம்பு பாக்கெட் ஒன்றை 'இலவச இணைப்பு' என்று ஒட்டி அனுப்பினார்கள். லாரியில் அடுக்கியதில் பாதி பாக்கெட் உடைந்து, நான் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதிய தலையங்கம் நுரை தள்ளிவிட்டது. கடிதங்கள் குவிந்தன. தலையங்கத்தைப் படிக்க முடியவில்லையே என்று ஒருவரும் எழுதவில்லை. எல்லோரும் கேட்டது இன்னொரு பாக்கெட். அன்றிலிருந்து இணைப்பு என்றால் ஒரு கேள்வி கேட்பேன்: இதில் எது புத்தகம், எது பாக்கெட்?

சிந்து பாக்கெட்தான். 1843-ல் மியானிப் போரில், சிந்துவை ஆண்ட தால்பூர் அமீர்களைத் தோற்கடித்து ஆங்கிலேயத் தளபதி நேப்பியர் பிடித்த நாடு. அவரே கவர்னராகவும் இருந்தார். 1847-ல் அவர் மூட்டை கட்டியதும் பம்பாயோடு ஒட்டிவிட்டு, கவர்னர் இருந்த இடத்தில் ஒரு கமிஷனரை உட்காரவைத்தார்கள். வசதி என்கிறீர்களே, வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். தரை வழியில் நடுவே கட்ச் சமஸ்தானமும் ரண் என்கிற உப்புச் சதுப்பும் கிடக்கின்றன. அன்றைக்குக் கராச்சிக்காரருக்கு பம்பாய் என்றால் கப்பல் பயணம்.

எனக்குப் பிடித்தது அந்தக் கமிஷனரின் பதவிப் பெயர். ஆங்கிலத்தில் 'சிந்துவின் கமிஷனர்' என்று வைக்கவில்லை, 'சிந்துவில் கமிஷனர்' என்று வைத்தார்கள். ஆறாம் வேற்றுமை இல்லை, ஏழாம் வேற்றுமை. ஆறு உடைமைக்கு, ஏழு இடத்துக்கு. ஐயா சும்மா அங்கே இருக்கிறார், உடைமை பம்பாயில் இருக்கிறது! ('இன்' வேற்றுமை உருபே அல்ல, நடுவே வரும் வெறும் ஒட்டான சாரியை என்று நாலு பக்கம் எழுதப்போகும் புலவருக்கு: தெரியும் ஐயா. போன தடவை எழுதிய நாலு பக்கமும் பத்திரமாக இருக்கிறது.) ஓர் உருபுக்குள் 89 வருடக் கதை உட்கார்ந்திருக்கிறது. நம் தொலைக்காட்சிக்காரர்களோ 'அமைச்சர் டெல்லி பயணம்' என்று உருபை விழுங்கிவிடுகிறார்கள். போகிறாரா வருகிறாரா என்று விமான நிலையத்தில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஏழாம் வேற்றுமைக்காரர்தான் எல்லாம் செய்தார். பார்ட்டில் ஃப்ரியர் கமிஷனராக இருந்தபோது, 1853-ல், சிந்தி மொழிக்கு அரபி வரிவடிவத்தில் 52 எழுத்துகள் முடிவாயின. 1868-ல் பம்பாயே சட்டம் போட்டுத் தன் அதிகாரங்களைக் கமிஷனர் கையில் கொடுத்தது. சரி, அப்புறம் எதற்கு இந்த ஒட்டல்?

பிரித்துவிடுங்கள் என்று கேட்டபோதும் லேசில் விடவில்லை. 1932-ல் சிந்து நதியில், கடன் வாங்கிக் கட்டிய சுக்கூர் அணை திறந்தது. இவ்வளவு கடனை வைத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போய் என்ன சாப்பிடுவாய் என்று மாமியார் தோரணையில் கேட்டார்கள். அணைக்கு வைத்த பெயர் மட்டும் பம்பாய் கவர்னர் லாயிடுடையது. கடைசியில் 1936 ஏப்ரல் 1 அன்று சிந்து தனி மாகாணமானது. தேதியை வைத்து ஜோக் அடிக்க மாட்டேன். அதே நாளில்தான் சென்னை மாகாணத்திலிருந்து கஞ்சம் பகுதியை எடுத்துக்கொண்டு ஒரிசாவும் பிறந்தது, அவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

பிரிந்தும் நிம்மதி இல்லை. 1955-ல் பாகிஸ்தான் அரசு சிந்துவை 'மேற்குப் பாகிஸ்தான்' என்ற ஒரே மாகாணத்தில் மறுபடி ஒட்டியது. 1970-ல் மறுபடி பிய்த்தார்கள். இந்தத் தடவை வெள்ளைக்காரனைக் குறைசொல்லவும் வழியில்லை.

கவிதை இணைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உறையில் இல்லை. தயவுசெய்து தேட வேண்டாம்.